கால் வைத்தால் கம்பெனி மூடும்!

டெம்போ ரிவர்ஸில் வரும் சத்தம் எனக்கு எப்போதுமே பிடிக்கும். நம் ஷெட் வாசலில் அந்தச் சத்தம் கேட்டால் சரக்கு ஏற்ற வண்டி வந்துவிட்டது என்று அர்த்தம். சரக்கு போனால் பேர் பரவும், பேர் பரவினால் அடுத்த ஆர்டர் வரும்.

அன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லை. வண்டி காலியாக வரவில்லை. நாலு நாளைக்கு முன்னால் நாங்கள் ஏற்றி அனுப்பிய அதே மரப்பெட்டிகள் அதன் முதுகில் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு பெட்டியின் மேலும் சிவப்புச் சாயத்தில் ஒரு பெருக்கல் குறி.

"மொத்த லாட்டும் ரிஜெக்ட் நைனா. எறக்கிக்கோ" என்றான் டிரைவர். எழவு வீட்டில் சேதி சொல்கிற மாதிரி குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்.

என் மேஸ்திரி கோதண்டம் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லியா மொதலாளி? ஊரே சொல்லுது, அந்தாளு கால் வச்சா கம்பெனி மூடிக்கும்னு. நீ கேட்டியா? வந்து ஒரு வாரம்கூட ஆவல, பாத்துக்கோ!"

'அந்தாளு' எங்களுக்குப் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். பேர் சங்கரலிங்கம். மெக்கானிக்கல் என்ஜினியர். கோதண்டம் சொன்னது காதில் விழாத மாதிரி, பெட்டியைத் திறந்து ஒரு பீஸை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

என் வாழ்க்கையில் எத்தனையோ என்ஜினியர்களைப் பார்த்திருக்கிறேன். பிற்பாடு என் கம்பெனியிலேயே வரிசையாக வேலை பார்த்தார்கள். ஆனால் 'இவன்டா என்ஜினியர்' என்று நான் மனசுக்குள் எழுந்து நின்றது இந்த ஒரு மனிதருக்குத்தான்.

ஐந்தாம் வகுப்பு வாத்தியாரின் துரதிர்ஷ்டம்

நான் படித்தது நான்காம் வகுப்பு. வெள்ளானூர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்கு எனக்குப் பாடம் சொல்லித்தரும் பாக்கியம் கிடைக்கவில்லை. அரைக்கால் டிரவுசரோடு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் நுழைந்தவன், வார்ப்பு இரும்பில் பிசிறு தேய்க்க ஆரம்பித்து, லேத் ஓட்டி, எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சொந்த ஷெட்டும் நாலு லேத்தும் வைத்தேன். யாரும் தூக்கிவிடவில்லை. லேத் ஓடுகிற சத்தத்தைத் தெருமுனையில் இருந்து கேட்டே, எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சொல்வேன். வேண்டுமானால் யாராவது வந்து சோதித்துக்கொள்ளலாம்.

கோதண்டம் அந்தப் பிசிறு தேய்த்த காலத்துக் கூட்டாளி. நான் முதலாளி ஆன பிறகும் 'வா, போ' தான். அவன் கை ஓடினால் இரும்பு மெழுகு மாதிரி வளையும். வாய் மட்டும் வளையாது.

அப்படிப்பட்ட எங்களுக்கு எதற்கு என்ஜினியர்? ஒரு பெரிய ஃபேக்டரியில் இருந்து ஆர்டர் கிடைத்திருந்தது. சுழலும் ஒரு தண்டில் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவில் வளையல் மாதிரி உட்காரும் இரும்புக் காலர். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் உயரம் ஒரு முடி கூடினாலும் தண்டு இறுகிவிடும், குறைந்தால் ஆடும். 'அடுத்த மாசத்தில் இருந்து டிகிரி படித்த ஆள் ஒருத்தர் சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்' என்று அந்த ஃபேக்டரியில் சொல்லிவிட்டார்கள். என் கையெழுத்து செல்லாதாம்! பேங்க்கில் செல்கிறது, இவர்களிடம் செல்லாது. சரி, ஆளைத் தேடு என்று கிளம்பினேன்.

காதர் பாய் கடை

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். எஸ்டேட்டில் வேலைக்கு ஆள் எடுப்பதும் கழிப்பதும் காதர் பாய் டீக்கடையில்தான் நடக்கும். பாய் பூந்தமல்லிக்காரர். விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து அடுப்பு மூட்டிவிடுவார். முதலாளிகள், மேஸ்திரிகள், டிரைவர்கள் எல்லோரும் அந்த இரண்டு பெஞ்சில்தான்.

ஒருத்தனை வேலைக்கு எடுக்கும் முன்னால் முதலாளி என்ன செய்வார்? சர்ட்டிபிகேட்டைப் பார்ப்பாரா? டீயை வாங்கிக்கொண்டு அவன் பேரைச் சத்தமாகச் சொல்வார். அவ்வளவுதான். "நல்ல கை" என்று யாராவது சொன்னால் ஆள் உள்ளே. "வாய் ஜாஸ்தி" என்றால் யோசிக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லாமல் டீயை ஊதினால் முடிந்தது கதை. அவன் இந்த எஸ்டேட்டைவிட்டு கிண்டிப் பக்கம் போய்ப் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாவம், படித்த பிள்ளைகளுக்கு இது தெரியாது. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு கேட் கேட்டாக நடப்பார்கள். அவர்கள் பேர் அவர்களுக்கு முன்னாலேயே ஓடிப்போய் எல்லா கேட்டையும் சாத்தியிருக்கும்.

பொரி வாங்கிக்கொண்டவர்

வருஷத்தில் ஒரே ஒரு நாள் எஸ்டேட்டில் எல்லா கேட்டும் திறந்திருக்கும். ஆயுத பூஜை. வாட்ச்மேன் யாரையும் கேள்வி கேட்க மாட்டார். வாழைக்கன்று கட்டி, கலர்க் காகிதம் ஒட்டி, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, யார் வந்தாலும் கையில் பொரியும் சுண்டலும் கொடுப்போம். வேலை தேடுகிற கெட்டிக்காரப் பையன்கள் அன்றைக்குத்தான் ஷெட் ஷெட்டாக ஏறி இறங்குவார்கள். பொரி வாங்குகிற சாக்கில் மெஷினையும் பார்க்கலாம், முதலாளியையும் பார்க்கலாம்.

அப்படித்தான் சங்கரலிங்கமும் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வயது முப்பதைத் தாண்டியிருக்கும். கற்பூரப் புகைக்கும் லேத் எண்ணெய் வாசனைக்கும் நடுவில் நின்று, எல்லோரும் சாமி படத்தைக் கும்பிட்டபோது இவர் மட்டும் எங்கள் மூன்றாவது லேத்தின் அடித்தள இரும்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, வாங்கப் போறியா?" என்றேன்.

"இல்ல சார். வேலை கேக்க வந்தேன்." பொரிப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நீங்க என் பேரை டீக்கடையில சொல்லிக் கேப்பீங்க. அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நான் வேலை பார்த்த மூணு கம்பெனியும் மூடிட்டாங்க. கால் வச்சா கம்பெனி மூடும்னு எனக்குப் பேரு."

இப்படி ஒரு பயோடேட்டாவை நான் கேட்டதே இல்லை!

"மூணுமா? இன்னாய்யா பண்ணே?"

"நான் ஒண்ணும் பண்ணலை சார். நல்லா ஓடற கம்பெனி என்னைக் கூப்பிடலை. மூழ்கப் போற கம்பெனிதான் கூப்பிட்டுச்சு. நானும் எப்படியாவது தூக்கிடலாம்னு போனேன். ஆஸ்பத்திரியில நோயாளி செத்தா, டாக்டர் ராசின்னு சொல்லுவோமா?"

"எங்க ஊர்ல அதையும் சொல்லுவாங்க" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

அப்பா ஆவடியில் டிபன்ஸ் ஃபேக்டரியில் வேலை. பிள்ளை பிறக்கும் முன்பே திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்தவர்கள். குவார்ட்டர்ஸ் வாசம். அடுத்த வருஷம் அப்பா ரிட்டையர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். இதையெல்லாம் நான் கேட்டுத்தான் சொன்னார். அவராகச் சொன்னது ஒன்றே ஒன்று. கடைசிக் கம்பெனியை மூடியபோது எல்லோரும் போன பிறகும் இவர் ஒரு நாள் கூடுதலாக நின்று, துரு ஏறாமல் இருக்க எல்லா மெஷினுக்கும் கிரீஸ் தடவிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாராம்.

"எதுக்குய்யா? அந்த ஒரு நாளுக்கு எவன் சம்பளம் தந்தான்?"

"மெஷின் என்ன சார் பண்ணுச்சு?"

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன்.

அன்றைக்கே காதர் பாய் கடையில் அவர் பேரைச் சொன்னேன். பெஞ்சு முழுக்க டீயை ஊதியது. பக்கத்து ஷெட் ஸ்பிரிங் கம்பெனி வரதன் மட்டும் வாயைத் திறந்தான். "வேணாம் அண்ணாத்தே. நல்லாத்தானே போய்க்கினு கீது? எதுக்குப் பாம்பை எடுத்து மடியில உட்டுக்கறே?"

வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதைச் செய்வது என் பிறவிக் குணம். மறுநாள் விஜயதசமி. நல்ல நாள். "வா தம்பி" என்றேன். கோதண்டம் மட்டும் ஒரு கண்டிஷன் போட்டான். "ஒரு வாரம் எதையும் தொடக் கூடாது. டிராயிங்கைப் பாத்துக்கினு குந்தினு இருக்கச் சொல்லு." சரி என்றேன். சங்கரலிங்கமும் சரி என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாலாவதா உங்க கம்பெனிக்கு ஏதாவது ஆச்சுன்னா, இந்த எஸ்டேட்ல எனக்கு ஒரு கேட்டும் திறக்காது சார்" என்றார். பயமுறுத்தவில்லை, பயந்தும் சொல்லவில்லை. கணக்கைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

அந்த வாரம் போட்ட லாட்தான் சிவப்புப் பெருக்கல் குறியோடு திரும்பி வந்தது.

ராசி இப்படித் தப்பு பண்ணாது

டெம்போ போன பிறகு ஷெட்டில் லேத் ஓடவில்லை. பையன்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு, நான் அவரை எப்போது வெளியே போகச் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபேக்டரியில் இரண்டு நாள் டைம் கொடுத்திருந்தார்கள். அதற்குள் சரியான சரக்குப் போகவில்லை என்றால் ஆர்டர் கை மாறிவிடும். எல்லா காலரும் உயரம் கூடுதல், தண்டு இறுகுகிறது என்பது புகார்.

சங்கரலிங்கம் பெட்டிகள் பக்கம் போனார். ஒவ்வொரு பெட்டியிலும் மேலிருந்து ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று எடுத்தார். பூஜைக்கு முன்னால் போட்ட லாட்டில் மிச்சம் இருந்த பழைய காலர்களையும் கேட்டு வாங்கினார். துணியால் துடைத்துத் துடைத்து மைக்ரோமீட்டரில் அளந்துகொண்டே இருந்தார்.

"அளந்து இன்னா ஆவப் போவுது? போயி திருவேற்காட்ல ஒரு எலுமிச்சம்பழம் மந்திரிச்சுக்கினு வந்தாலும் பலன் கீது" என்றான் கோதண்டம், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

சங்கரலிங்கம் நிமிர்ந்தார்.

"சார், ஒரு நிமிஷம். மேஸ்திரி, நீங்களும் வாங்க. பூஜைக்கு முன்னாடி போட்டதெல்லாம் சரியா இருக்கு. பூஜைக்கு அப்புறம் போட்டது எல்லாமே ஜாஸ்தி. ஆனா பாருங்க, எல்லாம் ஒரே அளவு ஜாஸ்தி. முதல் பெட்டியும் அவ்வளவுதான், கடைசிப் பெட்டியும் அவ்வளவுதான். நாலு லேத்துல போட்டதும் அவ்வளவுதான்."

"அதுக்கு?"

"ராசி இப்படித் தப்பு பண்ணாது சார். ராசியா இருந்தா ஒண்ணு கூடும், ஒண்ணு குறையும், ஒண்ணு உடையும். எல்லாம் ஒரே பக்கம், ஒரே அளவு தப்புன்னா காரணமும் ஒண்ணே ஒண்ணுதான். மளிகைக் கடையில எடைக்கல்லுக்கு அடியில புளி ஒட்டிக்கிட்டா எல்லாப் பொட்டலமும் ஒரே மாதிரி கூடுதலா போகுமில்ல, அது மாதிரி. நம்ம எடைக்கல் எது?"

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் எடைக்கல் மாஸ்டர் பீஸ். அளவு துல்லியமாகக் கடைந்து வைத்த ஒரு மாதிரி காலர். அதை அளவு காட்டும் டயலுக்கு அடியில் வைத்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவோம். பிறகு மாஸ்டரை எடுத்துவிட்டு, போடுகிற ஒவ்வொரு காலரையும் அதே டயலுக்கு அடியில் தள்ளுவோம். முள் பூஜ்யத்தில் நின்றால் சரி, அடுத்தது. ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளக்க யாருக்கு நேரம்? அந்த மாஸ்டர் எங்கள் ஷெட்டின் மூலவர் மாதிரி. வெல்வெட் போட்ட டப்பாவில் இருக்கும். கோதண்டத்தைத் தவிர யாரும் தொட முடியாது.

"அதைப் பாக்கணும்" என்றார் சங்கரலிங்கம்.

"அதெல்லாம் ஆவாது!" கோதண்டம் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "பூஜையில வச்சது. சாமி பொட்டு இன்னும் அப்படியே கீது. கண்டவன் கை பட்டுத் தொடச்சான்னா தரித்திரம். பொட்டு தானா உதிரணும்."

சிரிக்காதீர்கள். எஸ்டேட்டில் பாதி ஷெட்டில் அதுதான் சட்டம். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டைக் கையால் துடைக்க மாட்டோம்.

நான் கத்த வாயெடுத்தேன். சங்கரலிங்கம் என்னைக் கையமர்த்தினார். ஷூவைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மேஸ்திரி, பொட்டு அப்படியே இருக்கட்டும். நான் தொடலை. நீங்களே எடுங்க. எடுத்துக் கவுத்துப் பாருங்க, போதும்."

கோதண்டம் கக்கத்தைத் தளர்த்தினான். டப்பாவைத் திறந்தான். மாஸ்டரின் பக்கவாட்டில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து பொட்டாக இருந்தன. மெதுவாகக் கவிழ்த்தான்.

அடியில், பளபளக்கும் இரும்பின்மேல், ஒரு பக்கமும் விடாமல் பட்டுப்போல மெல்லிசாக ஒரு மஞ்சள் படிவு. பூஜையன்று ஈரச் சந்தனம் மெழுகிய பலகைமேல் மாஸ்டரை வைத்திருக்கிறான். அப்படியே எடுத்து டப்பாவில் போட்டு, மறுநாள் விஜயதசமிக்கு அதை வைத்தே டயலையும் செட் பண்ணியிருக்கிறான். கோதண்டம் நகத்தால் கீறினான். பொடி உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனான். எனக்கே வாசனை வந்தது. அந்தக் கோபத்திலும் நல்ல சந்தனம் என்று தோன்றியது. நான் எதிலும் மட்டம் வாங்குவதில்லை.

அடியை மட்டும் துடைத்து மறுபடி டயலில் வைக்கச் சொன்னார். வைத்தான். முள் பூஜ்யத்தில் நிற்காமல் இறங்கியது. காலர் எந்த அளவு கூடுதலோ, முள்ளும் சரியாக அந்த அளவு இறங்கியது.

"கூடுதலா போனதால தப்பிச்சோம்" என்றார் சங்கரலிங்கம். "குறைஞ்சிருந்தா பழைய இரும்புக்குத்தான் போட்டிருக்கணும். காலரோட மேல்பக்கத்தை லேசாத் தேச்சு எடுத்துடலாம்." சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே முதல் காலரைக் கிரைண்டிங் மெஷினில் வைத்தார். சொன்ன கெடுவுக்குள் சரக்குப் போனது. திரும்பி வரவில்லை.

யார் சொல்ல வேண்டும்?

கெட்டிக்காரத்தனத்துக்கு மட்டும் நான் ஒருத்தரைப் பாராட்ட மாட்டேன். அது என்னிடமே வேண்டிய அளவு இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் பெரிசு.

சரக்கு போன அன்று கோதண்டம் அவர் முன்னால் வந்து நின்றான். "சார், தப்பாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதே."

"வச்சுக்கலை மேஸ்திரி. ஆனா ஒண்ணு. லாட் திரும்பி வந்தது எஸ்டேட் பூரா தெரியும். ஏன் வந்துதுன்னு யாருக்கும் தெரியாது. அதை நீங்க காதர் பாய் கடையில சொல்லணும்."

கோதண்டம் முகம் செத்துவிட்டது. "ஐயோ சார், மானம் பூடும். எல்லா மேஸ்திரியும் அங்கதான் குந்தினு இருப்பான்."

"என் மானம் மூணு கம்பெனியா போயிட்டிருக்கு மேஸ்திரி. அதுவும் அதே பெஞ்சுலதான்."

நான் குறுக்கே விழுந்தேன். "விடு தம்பி, நான் சொல்றேன். நான் சொன்னா எஸ்டேட்டே கேக்கும்."

"வேண்டாம் சார். நீங்க சொன்னா, முதலாளி தன் ஆளைக் காப்பாத்தறார்னு சொல்லுவாங்க. நான் சொன்னா, தப்பிக்கப் பாக்கறான்னு சொல்லுவாங்க. அவர் சொன்னாத்தான் நிக்கும்."

நாலாம் வகுப்பு படித்த என் மூளைக்கு இது எட்டவில்லை. டிகிரி படித்த மூளைகள் பலவற்றுக்கும் எட்டாது.

மறுநாள் காலை ஷிஃப்டுக்கு முன்னால் கோதண்டத்தை நானே சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுபோனேன். விட்டால் ஓடிவிடுவான். பெஞ்சு நிறைந்திருந்தது.

"இன்னா கோதண்டம், மூஞ்சி தொங்கிக்கினு கீது? ஷட்டரை இறக்கியாச்சா?" என்று ஆரம்பித்தான் வரதன். எல்லோரும் சிரித்தார்கள்.

கோதண்டம் நின்றபடியே சொன்னான். ஒளிக்காமல் சொன்னான். சந்தனப் பலகை, மாஸ்டர், அடியில் படிந்தது, டயல் முள், எல்லாம். "என்ஜினியரு மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்துதான். அவரு இல்லாங்காட்டி எங்க கம்பெனி இன்னிக்கு மூடியிருக்கும்."

முதலில் பெஞ்சே உருண்டு சிரித்தது. "சாமிக்கு அபிஷேகம் பண்ணான்டா, லாட்டுக்கு விபூதி அடிச்சுட்டாரு சாமி!"

பிறகு ஒரு சிரிப்பு பாதியில் நின்றது. கியர் கடை மேஸ்திரி ஒருத்தன் கேட்டான், "பலகை மேலயா வச்சே?"

"ஆமா."

"நானும் எங்களுதைப் பலகை மேலதான் வச்சேன்."

அவன் டீயை அப்படியே வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தான். அடுத்த பெஞ்சில் இன்னொருத்தன் எழுந்தான். "வரேன் பாய், ஒரு வேலை கீது." பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். கொஞ்ச நேரத்தில் பெஞ்சில் மனிதர்களைவிட ஆவி பறக்கும் கிளாஸ்கள்தான் அதிகம் இருந்தன.

"இன்னா அண்ணாத்தே இது? யாவாரம் பண்ற நேரத்துல உன் மேஸ்திரியை இட்டாந்து கடையைக் காலி பண்ணிட்டியே!" என்று காதர் பாய் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

வரதன் மட்டும் போகவில்லை. டீயை முழுசாகக் குடித்தான். வேட்டியை உதறிக் கட்டினான். என் பக்கம் நகர்ந்து வந்தான்.

"அண்ணாத்தே, எங்களுதும் நேத்து ஒண்ணு திரும்பி வந்துச்சு. ஏன்னே தெரியல. உங்க என்ஜினியரு ஷெட்லதான கீறாரு? சாயங்காலமா ஒரு நடை எங்க கம்பெனிக்கு..."

"கால் வைக்கலாமா?" என்றேன்.

"வலது கால், எடது கால், எது வச்சாலும் சரி. அனுப்பு அண்ணாத்தே."

ஷெட்டுக்கு வந்து சொன்னேன். சங்கரலிங்கம் லேத்தை நிறுத்தினார். கையில் இருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"வரதன் சார் கம்பெனியா? அந்த கேட்ல நான் நிறைய நாள் நின்னிருக்கேன். வாட்ச்மேன் யாரைப் பாக்கணும்னு கேப்பாரு. பேரைச் சொன்னதும் உள்ள போய்ட்டு வந்து, முதலாளி இல்லைன்னுடுவாரு."

"இன்னிக்குக் கேட்டா இன்னா சொல்லுவே?"

அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

"கூப்பிட்டிருக்காங்கன்னு சொல்லுவேன் சார்."